டிரில் கிட் 10,000, பேட்டரி மட்டும் 7,000: இந்த விலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். கையில் 18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் இருக்கிறது, அதோடு வந்த இரண்டு 2 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு, இனி ஏஎச்) பேட்டரிகளும் சோர்ந்துவிட்டன. கடையில் 5 ஏஎச் பேட்டரி ஒன்றுக்கு 7,000 ரூபாய் சொல்கிறார்கள். அதே பிராண்டில் புது டிரில், இரண்டு 2 ஏஎச் பேட்டரி, சார்ஜர், பெட்டி எல்லாம் சேர்த்தே 10,000தான். அடுத்து ஒரு ஆங்கிள் கிரைண்டரும் வேண்டும். அது பேட்டரி இல்லாமல் 6,500, இரண்டு 4 ஏஎச் பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்த கிட்டாக 17,000. எதை வாங்குவது, பேட்டரி விலையில் ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 7,000 ரூபாய் பேட்டரிக்குள் இருக்கும் பொருளுக்கு மட்டும் இல்லை. நீங்கள் ஏற்கெனவே ஒரு பிராண்டுக்குள் வந்துவிட்டீர்கள், வேறு கம்பெனி பேட்டரி உங்கள் டிரில்லில் ஏறாது, அதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை. கிட் வாங்க வருகிறவர் அப்படி இல்லை, அவர் நாலு பிராண்டை அருகருகே வைத்து விலை பார்க்கிறார், அவரை இழுக்க வேண்டுமென்றால் விலையை இறக்கியே ஆக வேண்டும். அதனால் பேட்டரியை முடிந்தவரை கிட்டோடு வாங்குங்கள், கருவியைத் தனியாக வாங்குங்கள். ஆனால் இது எல்லா கிட்டுக்கும் பொருந்தாது. நீங்கள் சொன்ன டிரில் கிட்டுக்குப் பொருந்தாது, கிரைண்டர் கிட்டுக்குப் பொருந்தும். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் பேட்டரியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். டார்ச்சில் போடும் செல் மாதிரி உருளை வடிவ லித்தியம் செல்கள்தான். பெரும்பாலும் 18650 என்ற அளவு, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒரு செல் 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோர்த்தால் 18 வோல்ட். 2 ஏஎச் பேட்டரியில் இந்த ஐந்தே செல்தான். 4 ஏஎச், 5 ஏஎச் பேட்டரிகளில் பத்து செல், ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. 5 ஏஎச் என்றால் ஒவ்வொரு செல்லும் 2.5 ஏஎச். அண்மைக் காலமாக 21700 என்ற சற்றுத் தடித்த செல் வந்திருக்கிறது, அதில் 4 ஏஎச் செல் ஐந்து போட்டாலே சின்ன உடம்பில் 4 ஏஎச் பேட்டரி கிடைத்துவிடும். பாஷின் புரோகோர் 4 ஏஎச் அப்படிப்பட்டதுதான், அதன் 8 ஏஎச் பத்து செல், 12 ஏஎச் பதினைந்து செல்.

விலை ஒப்பிட வோல்ட்டும் உதவாது, ஏஎச்சும் உதவாது, இரண்டையும் பெருக்கி வரும் வாட்-ஹவர்தான் உதவும். 18 வோல்ட் 5 ஏஎச் என்றால் 90 வாட்-ஹவர், 2 ஏஎச் என்றால் 36. இதில் ஒரு சிக்கல் உண்டு. முழுதாகச் சார்ஜ் ஆன செல் 4.2 வோல்ட் காட்டும், ஐந்து செல்லுக்கு 21 வோல்ட். வேலையை ஆரம்பித்ததும் அது 18-ஐ ஒட்டி இறங்கிவிடும். அதனால் ஒரே ஐந்து செல் வரிசையை ஒருவர் 18 வோல்ட் என்கிறார், இன்னொருவர் 20 வோல்ட் மேக்ஸ் என்கிறார், மூன்றாமவர் 21 வோல்ட் என்கிறார். டிவால்ட் அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதும் ஐரோப்பாவில் 18 வோல்ட் எக்ஸ்ஆர் என்று விற்பதும் ஒரே பேட்டரி வரிசைதான். 12 வோல்ட் மேக்ஸ் என்பது மூன்று செல், 10.8 வோல்ட். ஆன்லைனில் பேர் தெரியாத கம்பெனிகள் 48 வோல்ட், 88 விஎஃப், 128 விஎஃப் என்றெல்லாம் பேட்டரி மேல் அச்சடித்து விற்கிறார்கள், பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அதே ஐந்து செல், அதே 21 வோல்ட்தான். எதிர்ப்பக்கமும் ஒரு உதாரணம்: மக்கிட்டாவின் 40 வோல்ட் மேக்ஸ் வரிசையில் வரும் 2.5 ஏஎச் பேட்டரி உண்மையில் 36 வோல்ட், பத்து செல், 90 வாட்-ஹவர். 18 வோல்ட் 5 ஏஎச்சில் இருக்கிற அதே அளவு சக்திதான், கோர்த்த விதம் வேறு. இரண்டு பேட்டரியை ஒப்பிடும்போது ரூபாயை வாட்-ஹவரால் வகுத்துவிடுங்கள், பெட்டி மேல் இருக்கிற பெரிய எண்களை மறந்துவிடலாம்.

சரி, 90 வாட்-ஹவருக்கு அசல் செலவு என்ன? புளூம்பெர்க் என்இஎஃப் என்ற ஆய்வு நிறுவனம் வருடா வருடம் லித்தியம் பேட்டரி விலைக் கணக்கு வெளியிடுகிறது, 2024-இல் உலக சராசரி ஒரு கிலோவாட்-ஹவருக்கு 115 டாலர். அந்தக் கணக்கில் 90 வாட்-ஹவருக்குப் பத்து டாலர் சொச்சம், அதாவது ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். இதைப் பார்த்ததும் வயிறு எரியும், ஆனால் இதை அப்படியே ஒப்பிட முடியாது. அந்தச் சராசரி பெரும்பாலும் கார், பஸ், மின்சாரச் சேமிப்பு நிலையம் ஆகியவற்றுக்காக மொத்தமாக வாங்கும் பேட்டரிகளுடையது. கிரைண்டர் டிஸ்க் இரும்பில் கடிக்கும் நேரத்தில் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியர் வரை இழுத்தால், இரண்டு வரிசை பேட்டரியில் ஒரு செல்லுக்கு 20 ஆம்பியர். லேப்டாப் செல் அதற்குத் தாங்காது, அதிக கரண்ட் தாங்கும் செல்தான் வேண்டும், அது விலை அதிகம். அதோடு பாதுகாப்பு சர்க்யூட், வெப்பம் உணரும் பாகம், கீழே விழுந்தாலும் உடையாத உறை, இந்தியாவில் விற்க ஐஎஸ் 16046 தரப்படி பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு, வாரண்டியில் திரும்பி வருபவற்றை மாற்றிக் கொடுக்கும் செலவு எல்லாம் ஏறும்.

அனுப்புவதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. தனியாகப் பேக் செய்த லித்தியம்-அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016 ஏப்ரல் முதல் தடை போட்டிருக்கிறது. சரக்கு விமானத்தில் ஏற்றினாலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்றார்கள். அந்தத் தடை வந்தபோது கருவியோடு சேர்த்துப் பேக் செய்த பேட்டரியை இப்படிக் கட்டிப்போடவில்லை. ஆக, கிட்டாக வருவது கம்பெனிக்கும் சுலபம், தனி பேட்டரியைக் கொண்டுவருவது தொல்லை.

இதையெல்லாம் கூட்டினாலும் 7,000 வராது என்பதுதான் என் கருத்து. மீதி உங்களிடம் வேறு வழியில்லை என்பதற்கான விலை. ஒவ்வொரு கம்பெனியும் பேட்டரி ஏறும் காடியை வேறு வேறு வடிவத்தில் வைத்திருப்பது இதற்குத்தான். டிரில்லை லாபம் குறைவாக விற்றாலும் பரவாயில்லை, வாங்கியவர் அடுத்த பத்து வருடம் பேட்டரிக்கும் அடுத்தடுத்த கருவிக்கும் நம்மிடம்தான் வர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மக்கிட்டாவின் 18 வோல்ட் எல்எக்ஸ்டி வரிசை 2005-இல் வந்தது, இன்றைக்கும் ஓடுகிறது. ரியோபியின் ஒன் பிளஸ் 1996-இல் வந்தது, அந்தக் காலத்துக் கருவியில் இப்போதைய பேட்டரி ஏறும். வாங்குகிறவருக்கு இது நல்லதுதான், பழைய கருவி வீணாகாது. ஆனால் அதே பிணைப்புதான் பேட்டரி விலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். தனி 5 ஏஎச் பேட்டரி 7,000, அதை 90-ஆல் வகுத்தால் வாட்-ஹவருக்குக் கிட்டத்தட்ட 78 ரூபாய். டிரில் கிட்டில் இரண்டு 2 ஏஎச், மொத்தம் 72 வாட்-ஹவர். கிட் விலையிலிருந்து பேட்டரி இல்லாத டிரில்லின் விலையையும் சார்ஜர் விலையையும் கழிக்க வேண்டும். டிரில் 4,500, சார்ஜர் 1,800 என்று வைத்தால் மீதி 3,700, வாட்-ஹவருக்கு 51 ரூபாய். பார்க்க ரொம்ப மலிவு. ஆனால் டிரில்லும் சார்ஜரும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன, இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. இன்னொரு டிரில் உங்களுக்கு எத்தனை ரூபாய் பெறும்? விற்க முடியாமல் அலமாரியில் கிடந்தால் பூஜ்யம். அப்போது 72 வாட்-ஹவருக்கு 10,000 கொடுத்ததாக அர்த்தம், ஒன்றுக்கு 139 ரூபாய். கிட்டுக்குள் இருக்கிற பொருளுக்குக் கடைக்காரர் போடும் விலையைக் கழிக்காதீர்கள், உங்களுக்கு அது எவ்வளவு பெறுமோ அதை மட்டும் கழியுங்கள். வேலையாள் ஒருவர் கூட இருக்கிறார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓட்டைப் போடுவீர்கள் என்றால் கதை மாறும், இரண்டாவது டிரில்லுக்கு முழு மதிப்புப் போடலாம்.

கிரைண்டர் பக்கம் பாருங்கள். தனி கிரைண்டர் 6,500, அதோடு தனி 5 ஏஎச் 7,000, ஆக 13,500. கிடைப்பது ஒரே ஒரு பேட்டரி, 90 வாட்-ஹவர். கிட் 17,000, அதில் 144 வாட்-ஹவர், இரண்டு பேட்டரி, கூட ஒரு சார்ஜர். வித்தியாசம் 3,500. அந்த 3,500-க்கு 54 வாட்-ஹவர் கூடுதல், வாட்-ஹவருக்கு 65 ரூபாய்தான், சார்ஜருக்கு ஒரு பைசா கூடப் போடாமலே. ஒன்று ஓடும்போது இன்னொன்று சார்ஜில் இருக்கும், பழைய டிரில்லுக்கும் அதே பேட்டரிதான். உங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த 2 ஏஎச் பேட்டரியை வைத்து கிரைண்டர் ஓட்டலாமே என்று தோன்றலாம். ஏறும், ஓடும், ஆனால் வேண்டாம். ஐந்து செல்தான் இருப்பதால் மொத்த கரண்டும் அந்த ஒரே வரிசை வழியாகப் போக வேண்டும், வோல்ட் சரியும், பேட்டரி கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும், பாதுகாப்பு சர்க்யூட் நடுவில் நிறுத்திவிடும். பத்து செல் பேட்டரி அதிக நேரம் வருவதற்கு மட்டுமில்லை, ஒவ்வொரு செல்லுக்கும் பாதிச் சுமை என்பதால் கருவியின் முழு வலுவும் அப்போதுதான் வெளியே வரும். ஸ்க்ரூ முடுக்கவும் மரத்தில் ஓட்டை போடவும் 2 ஏஎச் தாராளம், கைக்கும் இலகு. ஃபால்ஸ் சீலிங் வேலை பார்க்கிறவர்கள் அண்ணாந்து நாள் முழுக்கப் பிடிக்க வேண்டியிருப்பதால் சின்ன பேட்டரியைத்தான் விரும்புவார்கள். கிரைண்டர், சர்க்குலர் ரம்பம், ரோட்டரி ஹாமர் மூன்றுக்கும் 4 ஏஎச்சுக்குக் கீழே யோசிக்காதீர்கள்.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒயர் உள்ள 850 வாட் கிரைண்டரை முழுச் சுமையில் ஓட்டும் வேலையை 90 வாட்-ஹவர் பேட்டரியில் செய்தால் ஆறு நிமிடம் சொச்சம்தான் தாங்கும், 90-ஐ 850-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கிரில் வெட்டுவது, டைல்ஸ் வெட்டுவது உங்கள் வேலை என்றால் ஒயர் கிரைண்டர்தான், அதன் விலையும் பாதிக்குக் கீழே. கரண்ட் இன்னும் இழுக்காத கட்டடத்தில், மொட்டை மாடியில், ஏணி மேல், கேட்டுக்கு வெளியே நாலு வெட்டு வெட்டிவிட்டு வரும் இடத்தில்தான் கார்ட்லெஸ் காசைத் திருப்பித் தரும்.

கிட்டை வாங்கும்போது பெட்டியின் படத்தை நம்பாதீர்கள், மாடல் எண்ணின் வாலைப் படியுங்கள். டிவால்ட்டில் கடைசியில் டி2 என்றால் இரண்டு 2 ஏஎச், எம்2 என்றால் இரண்டு 4 ஏஎச், பி2 என்றால் இரண்டு 5 ஏஎச், எழுத்து பேட்டரியின் அளவு, எண் எத்தனை பேட்டரி. வெறும் கருவி என்றால் என், அமெரிக்க மாடலில் பி என்று மட்டும் இருக்கும். மக்கிட்டாவில் இசட் என்றால் வெறும் கருவி. ஆர்எஃப்இ என்றால் இரண்டு 3 ஏஎச், ஆர்எம்இ என்றால் இரண்டு 4 ஏஎச், ஆர்டிஇ அல்லது ஆர்டிஜே என்றால் இரண்டு 5 ஏஎச். மில்வாக்கி அமெரிக்க மாடலில் கடைசி இரண்டு எண் 20 என்றால் பேட்டரி இல்லை, 21 என்றால் ஒன்று, 22 என்றால் இரண்டு. ஆன்லைனில் ஒரே தலைப்பில் 3,000 ரூபாய் வித்தியாசத்தில் இரண்டு டிரில் தெரிந்தால் முக்கால்வாசி நேரம் வித்தியாசம் இந்த வாலில்தான் இருக்கும். "சார்ஜர், பேட்டரி தனி" என்ற வரியைக் கவனிக்காமல் ஆர்டர் போட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து திகைத்துப் போகிறவர்கள் நிறையப் பேர்.

"பேட்டரி வாங்கினால் கருவி இலவசம்" என்ற சலுகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இது அமெரிக்காவில் ஹோம் டிப்போ போன்ற கடைகளில் வழக்கமாக நடப்பது. இரண்டு பேட்டரியும் சார்ஜரும் உள்ள ஸ்டார்ட்டர் கிட்டை ஒரு விலைக்கு வாங்கினால், ஒரு வெறும் கருவியை நீங்களே தேர்ந்தெடுத்துச் சும்மா எடுத்துக்கொள்ளலாம். பில்லில் பார்த்தால் எதுவும் இலவசமாக இருக்காது, தள்ளுபடி இரண்டு பொருளுக்கும் பங்கு போட்டுப் பிரித்திருக்கும். அதனால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் அதன் பங்குத் தொகைதான் கையில் வரும், மற்றது குறைந்த விலைக்கு உங்களிடம் நின்றுவிடும். அங்கே இந்த வழியைக் குறிவைத்தே வாங்குகிறவர்கள் உண்டு. நமக்கு இதிலிருந்து தெரிய வேண்டியது, கம்பெனியே பேட்டரியைக் கருவியோடு சேர்த்து எவ்வளவு குறைவாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறது என்பது.

நம் ஊரில் சலுகை வேறு உருவத்தில் வருகிறது. எம்ஆர்பியில் 50 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், பவர் டூல் பெட்டிகளில் எம்ஆர்பியை மேலே தூக்கி வைத்துத்தான் அச்சடிக்கிறார்கள், அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. இரண்டாவது, 50 பீஸ் பிட் செட், ஒரு டார்ச், ஒரு பை, கையுறை என்று அடுக்கிப் பெரிய காம்போவாகக் காட்டி உள்ளே 1.5 ஏஎச் பேட்டரி ஒன்றை மட்டும் வைப்பது. தேங்கிக் கிடக்கிற சரக்கைத் தலையில் கட்டும் வழி அது. வாட்-ஹவர் எவ்வளவு, கருவி பிரஷ்லெஸ்ஸா (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரா) இல்லையா, இரண்டையும் பாருங்கள், மீதியைக் கழித்துவிடுங்கள். ஆயுத பூஜையை ஒட்டி, ஆன்லைன் பெரிய விற்பனைகளும் வரும் செப்டம்பர், அக்டோபரில் கிட் விலைகளைக் கவனியுங்கள், அவசரமில்லை என்றால் அதுவரை பொறுக்கலாம். சென்னையில் இருந்தால் செம்புதாஸ் தெருப் பக்கம் ஒரு நடை போய் நாலு கடையில் கேளுங்கள், கிட் விலையும் தனி பேட்டரி விலையும் இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் பேரம் பேச இடம் கிடைக்கும். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறவர்கள் பில்லை அந்த எண்ணில் போடச் சொல்லுங்கள், 18 சதவீதம் சின்னத் தொகை இல்லை.

சார்ஜரை யாரும் கவனிப்பதில்லை. மக்கிட்டாவின் மெதுவான சார்ஜர் 5 ஏஎச் பேட்டரியை 110 நிமிடத்தில் ஏற்றும், வேகமான சார்ஜர் 45 நிமிடத்தில். மெதுவான சார்ஜர் உள்ளவருக்கு மூன்று பேட்டரி தேவைப்படும் வேலையை வேக சார்ஜர் உள்ளவர் இரண்டில் முடித்துவிடுவார். மூன்றாவது பேட்டரி வாங்கத் தோன்றினால் முதலில் சார்ஜர் விலையைக் கேளுங்கள்.

சலுகை இருக்கிறதே என்று நாலு பேட்டரி வாங்கி அடுக்கி வைப்பது தெண்டம். லித்தியம் செல் சும்மா இருந்தாலே வயதாகும், அதுவும் வெயிலில் வேகமாக. பேட்டரி யூனிவர்சிட்டி என்ற தளம் தரும் கணக்குப்படி, முழுச் சார்ஜோடு 40 டிகிரியில் ஒரு வருடம் கிடந்தால் 65 சதவீதக் கொள்ளளவுதான் மிஞ்சும், 40 சதவீதச் சார்ஜில் வைத்தால் 85 வரை மிஞ்சும். நம் ஊர் சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பூட்டிய வண்டிக்குள் 40 டிகிரி சாதாரணம். பாதிச் சார்ஜில், வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள், வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜரில் மாட்டாதீர்கள். வாங்கும்போது பேட்டரியில் இருக்கும் தயாரிப்புத் தேதியையும் பார்த்துவிடுங்கள், இரண்டு வருடம் குடோனில் கிடந்த பேட்டரி புதியது இல்லை. வாரண்டி அட்டையையும் அங்கேயே படியுங்கள், கருவிக்கு ஒரு காலம், பேட்டரிக்கு வேறு காலம் என்று இருக்கும்.

அப்புறம், "கம்பாட்டிபிள்" பேட்டரிகள். ஆன்லைனில் 2,000 ரூபாய்க்கு 6 ஏஎச், 8 ஏஎச் என்றெல்லாம் கிடைக்கும். ஒரு தராசு போதும். ஒரு 18650 செல் ஏறக்குறைய 45 கிராம், பத்து செல் என்றாலே 450, உறையோடு சேர்த்தால் 600 கிராமைத் தாண்டும். 6 ஏஎச் என்று போட்டது 400 கிராம்கூட இல்லை என்றால் உள்ளே ஐந்து செல்தான். சந்தையில் இருக்கும் நல்ல 18650 செல்லே 3.5 ஏஎச்சைச் சுற்றித்தான் நிற்கும், ஐந்து செல்லில் 6 ஏஎச் வரவே வராது. பழைய பேட்டரியில் செல் மாற்றித் தரும் கடைகளும் இருக்கின்றன. அங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி, போடப் போகும் செல் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பது. பதில் 15, 20 ஆம்பியர் என்று வராமல், இது ஒரிஜினல் சார் என்று மட்டும் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு பிராண்ட் பேட்டரியை இன்னொரு பிராண்ட் கருவியில் ஏற்றும் அடாப்டரும் எனக்குப் பிடிக்காது. சில பிராண்டுகளில் வோல்ட் குறைந்ததும் நிறுத்தும் வேலையைப் பேட்டரி செய்வதில்லை, கருவிதான் செய்கிறது. நடுவில் அடாப்டர் வந்தால் அந்தக் காவல் போய்விடும், செல் அடிமட்டம் வரை வடிந்து செத்துப்போகும்.

புதிதாக ஒரு பிராண்டுக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரில் விலையைப் பார்த்துப் பிராண்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், 5 ஏஎச் தனி பேட்டரி விலையையும் நீங்கள் அடுத்து வாங்கப் போகும் மூன்று கருவிகளின் வெறும் விலையையும் பாருங்கள். ஒரே கம்பெனிக்குள்ளும் ஜாக்கிரதை, பாஷின் பச்சை நிற (வீட்டு உபயோக) கருவிகளின் 18 வோல்ட் பேட்டரி நீல நிற (தொழில்முறை) கருவியில் ஏறாது. சில கம்பெனிகள் சேர்ந்து பேட்டரியைப் பொதுவாக்கவும் தொடங்கியிருக்கின்றன. மெட்டாபோ 2018-இல் ஆரம்பித்த சிஏஎஸ் கூட்டணியில் மாஃபெல் போன்றவை இருக்கின்றன, பாஷின் நீல 18 வோல்ட் பேட்டரியை ஆம்ப்ஷேர் என்ற பெயரில் 2022 முதல் ஃபைன் போன்ற கம்பெனிகளும் பயன்படுத்துகின்றன. இது பரவினால் தனி பேட்டரி விலை கட்டாயம் இறங்கும், அதனால் எனக்கு இதில் நிறைய ஆசை இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வருகிறார், அவரிடம் சொல்லி வாங்கலாமா என்று பலர் கேட்பார்கள். வெறும் கருவியை வாங்கி வரச் சொல்லலாம், அது செக்-இன் பெட்டியில் வரும். தனி பேட்டரி கைப்பையில் மட்டும்தான், 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை, 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 18 வோல்ட் 5 ஏஎச் 90-இல் தப்பிக்கும், 6 ஏஎச் 108-இல் மாட்டும். சார்ஜரை மட்டும் வாங்கி வரச் சொல்லாதீர்கள், அங்கே விற்பது பெரும்பாலும் 120 வோல்ட் சார்ஜர், நம் 230-இல் செருகினால் அத்தோடு முடிந்தது. இந்தியாவில் வாரண்டி செல்லாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, 17,000 எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் அந்தப் பழைய இரண்டு பேட்டரியையும் ஒரு மல்டிமீட்டரில் பாருங்கள். சார்ஜர் பச்சை காட்டியதும் எடுத்து அளந்தால் 20-லிருந்து 21 வோல்ட் இருக்க வேண்டும். அந்த அளவு வந்தும் சீக்கிரம் தீர்கிறது என்றால் செல்கள் வயதாகிவிட்டன, சின்னச் சின்ன ஸ்க்ரூ வேலைக்கு இன்னும் கொஞ்ச காலம் தள்ளலாம். 16, 17-லேயே நிற்கிறது என்றால் ஒரு செல் போயிருக்கலாம், அதைத் திரும்பத் திரும்பச் சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். இரண்டு பேட்டரியும் ஒரே நாளில் போனதாகத் தோன்றினால் சந்தேகம் சார்ஜர் மேல் வர வேண்டும், தெரிந்தவரிடம் அதே பிராண்ட் சார்ஜர் இருந்தால் அதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தீர்ந்துபோன பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். முனைகள் மேல் டேப் ஒட்டி, அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். 2022-இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது.